ஊசிக்கு ஓடியவன்

முதலில் போனது தூக்கம். விடிவதற்கு வெகுமுன்பே விழிப்பு வந்துவிடும். நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். பிறகு சோற்றின் ருசி போனது. வெல்டிங் பட்டறையில், கையிலிருக்கும் கம்பியை எதற்கு எடுத்தேன் என்று தெரியாமல் நிற்பேன். என்ன கவலை என்று என் மனைவி செல்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஒரு காலை, சாவது என்று முடிவுசெய்து கிருமாம்பாக்கத்தில் எங்கள் வீட்டைவிட்டு இறங்கினேன். தெருமுனை தாண்டுவதற்குள் நாய் ஒன்று கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. பக்கத்துக் குழாயில் சோப்புப் போட்டுக் கழுவினேன். நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினேன்.

நர்ஸ் ஊசி போட்டுவிட்டு, "மீதி ஊசிக்கும் மறக்காம வந்துடணும்ணா" என்றார்.

"வர மாட்டேம்மா."

"ஏன், வெளியூர் போறீங்களா?"

"சாவப் போறேன்."

சொன்ன பிறகுதான் அது எனக்கே கேட்டது. அவர் திட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. செல்வியின் நம்பரை வாங்கிப் பேசினார். அவள் வரும்வரை என் பக்கத்தைவிட்டு நகரவில்லை.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவர், தீவிர மனச்சோர்வு (காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மனத்தையும் உடம்பையும் முடக்கும் நோய்) என்றார். வெட்கத்தோடு கேட்டேன்.

"சாவ நெனச்சவன் எதுக்கு டாக்டர் ஊசிக்கு ஓடுனேன்? நான் நடிச்சேனா?"

"இல்ல. சாவணும்னு நெனச்சதும் நெசம், பொழைக்க ஓடுனதும் நெசம்."

அதை இருமனநிலை (வாழவும் சாகவும் ஒரே நேரத்தில் விரும்புவது) என்றார்.

பெயர் தெரிந்ததால் நோய் குறையவில்லை. மாத்திரை வேலை செய்ய வாரங்கள் ஆயின. அந்த வாரங்கள்தான் கொடுமை. செல்வி என்னைத் தனியே விடவில்லை. குளியலறைக் கதவைக்கூடத் தாழிட விடவில்லை. ஒருநாள் கத்திவிட்டேன்: "என்ன வுட்டுத் தொலையேன்டி!"

அவள் கதவருகிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எனக்கும் எங்கனா ஓடிப் பூடலாம்னுதான்யா இருக்குது. தெனமும் இருக்குது. அப்பவும் சோத்துக்கு ஒலை வெக்கிறேன் பாரு."

அது ஆறுதலாக இல்லை. ஆனால் அதன்பிறகு அவளிடம் மறைக்கத் தோன்றவில்லை.

இதைப் படிக்கும் உங்களுக்குள்ளும் அந்த எண்ணம் இருந்தால், பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

எனக்கு இன்னும் தீரவில்லை. சில மதியங்களில் அந்த எண்ணம் வரும். "வந்துருக்குது" என்பேன். செல்வி கைவேலையைப் போட்டுவிட்டு வந்து உட்காருவாள். அப்போது நாளை, அடுத்த மாதம் என்பதெல்லாம் எனக்குக் கிடையாது. அது தணியும்வரை உள்ள நேரம் மட்டும்தான். இந்த உடம்பையும் முன்போல நம்புவதில்லை. போக நினைப்பவனும் இருக்க நினைப்பவனும் இதற்குள்தான் இருக்கிறார்கள். இருவருக்கும் சேர்த்துத்தான் சாப்பிடுகிறேன்.