ஸ்டார் பல்லில் வெல்டு வைக்காத விருமாண்டி

பரவை மார்க்கெட்டைத் தாண்டிச் சமயநல்லூர் போகிற வழியில் இடது கைப்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. போர்டு கிடையாது. வாசலில் நாலைந்து பழைய ஆக்சில்கள் கிடக்கும், அதுதான் அடையாளம். விருமாண்டி இருபத்தெட்டு வருஷமாக அங்கே ஒரே வேலைதான் பார்க்கிறார். இன்ஜின் பக்கம் போக மாட்டார், பிரேக்கைத் தொட மாட்டார். பின் ஆக்சிலுக்கு நடுவில் பூசணிக்காய் மாதிரி உருண்டு நிற்கிறதே டிஃபரன்ஷியல், அதை மட்டும் பிரிப்பார், பூட்டுவார். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. உள்ளே இருக்கிற பல்சக்கரங்களில் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று விரலால் அசைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார்.

ஒரு வேலை மட்டும் செய்ய மாட்டார். டிஃபரன்ஷியலுக்குள் இருந்து இரண்டு சக்கரத்தையும் தனித்தனியாகச் சுற்ற விடுகிற ஸ்டார் பல்லை வெல்டு வைத்து ஒட்டித் தரச் சொன்னால், வண்டியை வெளியே தள்ளச் சொல்லிவிடுவார். ஏன் என்று கேட்டால், "எனக்கு வெல்டு வராது" என்பார். அது பொய். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு ஜீப்புக்கு வைத்தார். மூன்றாம் நாள், அதை ஓட்டிய திருவாதவூர் மலையாண்டி கவிழ்ந்து செத்துப்போனார். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று தெரிந்த ஒரே ஆள் விருமாண்டி. பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.

போன ஐப்பசியில் ரோஷன் வந்தான். மதுரைக்குள் காஜிமார் தெருக்காரன், கீழவாசலில் பாத்திரக்கடை. முப்பது வயசு இருக்கும். பழைய காண்டசா காரில் பெரிய இன்ஜினை ஏற்றி, பின்னால் ஜீப் ஆக்சில் போட்டு வைத்திருந்தான்.

"அண்ணே, கோயம்புத்தூர்ப் பக்கம் ஞாயித்துக்கிழம ரேஸு. நானூறு மீட்டரு, நேர் ரோடு. மிதிச்சா ஒரு சக்கரம் மட்டும் பொகையக் கக்குது, இன்னொன்னு விருந்துக்கு வந்த புது மாப்ள மாதிரி சும்மா நிக்குது."

விருமாண்டி சிரிக்கவில்லை. வண்டியைக் கியரில் போட்டு, ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கினார். "அந்தச் சக்கரத்தச் சுத்துங்க தம்பி." யார் வந்தாலும் முதலில் இதைச் செய்யச் சொல்வது அவர் வழக்கம். ரோஷன் வலது சக்கரத்தை முன்னால் சுற்ற, இடது சக்கரம் பின்னால் சுற்றியது.

"பாத்தீகளா? ரெண்டும் ஒன்னையொன்னு அனுசரிச்சுப் போகுது. திருப்பத்துல வெளிச்சக்கரம் கூட ஓடணும், உள்சக்கரம் கொறச்சு ஓடணும். அதுக்குத்தான் இந்தப் பெட்டியே."

"தெரியும்ணே. ரேஸுல ஏது திருப்பம்? பல்ல ஒட்டி விட்டுருங்க, ரெண்டும் ஒன்னாச் சுத்தட்டும். ஒரு நாள் வேல. டிராக்டர்லயே லாக் இருக்குல்ல?"

"டிராக்டர்ல மிதிச்சாத்தான் லாக், கால எடுத்தா விட்டுரும். சேத்துல நேராப் போறப்ப மிதிப்பான். வரப்போரம் திரும்பையில மிதிச்சான்னா கிணத்துக்குள்ளதான் கெடப்பான். வெல்டு வச்சா கால எடுக்க முடியாது தம்பி, எந்நேரமும் மிதிச்ச மாதிரிதான். ஆமா, வீட்டுக்கு எதுல போவீக?"

"இதுலதான்."

"வேற யாரு ஓட்டுவா?"

"ஆஷிகா ஓட்டும், எம் பொஞ்சாதி. எங்க அத்தாவுக்குக் கிட்னி போயிருச்சு. வாரம் ரெண்டு தடவ ரத்தம் சுத்தம் பண்ண ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது அதுதான்."

விருமாண்டி கையைத் துடைத்துக்கொண்டார். "அப்ப வெல்டு கெடையாது. லாக்கர்னு தனியா ஒன்னு வருது. ஆக்சிலேட்டர மிதிச்சா பூட்டிக்கிரும், திருப்பத்துல தானா விட்டுரும். ஆனா கடகடங்கும். திருப்பத்துக்கு நடுவுல மிதியக் கூட்டிக் கொறச்சா ஒரு வெட்டு வெட்டும். நீங்க தாங்கிருவீக. பின்னால முடியாத ஆள வச்சுக்கிட்டு, மழைக்குள்ள அந்தப் புள்ள தாங்குமா? பிளேட்டு வச்சது போட்டுக்கங்க. முழுசாப் பூட்டாது, வழுக்குற சக்கரத்தப் புடிச்சு வச்சுக்கிட்டு அடுத்ததுக்கும் இழுவையக் குடுக்கும். ரேஸுல கொஞ்சம் பிந்துவீக. பிளேட்டு தேயும், அதுக்குன்னு தனி ஆயிலு ஊத்தணும். ஆனா வண்டி சொன்ன பேச்சக் கேக்கும். வரவழைக்க மூணு வாரம் ஆகும்."

"மூணு வாரமா? ரெண்டு வருஷமா இந்த ஞாயித்துக்கெழமைக்குத்தான்ணே வண்டியச் செஞ்சேன்!" ரோஷன் ஜாக்கியைத் தானே இறக்கினான். "நீங்க வெல்டு வராதுங்குறீக. வாடிப்பட்டில ஒருத்தன் வச்சுத் தாரேன்னுருக்கான். வாரேண்ணே."

இப்படிப் போனவர்கள் எத்தனையோ பேர். விருமாண்டி யாரையும் மறித்ததில்லை. அவனவன் வண்டி, அவனவன் பாடு என்று விட்டுவிடுவார். அன்றைக்கு அவரால் முடியவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணும் பின் சீட்டில் சாய்ந்து கிடக்கிற நோயாளித் தகப்பனும் கண்ணுக்குள் வந்து நின்றார்கள். இன்ஜின் உறுமியது. காருக்கு முன்னால் போய் நின்றார்.

"வெல்டு எனக்கு வரும் தம்பி. வச்சிருக்கேன்."

ரோஷன் இன்ஜினை அணைத்தான்.

விருமாண்டி பானெட்டைப் பார்த்தபடியே சொன்னார். செங்கல் காளவாசல்காரர் ஜீப் அது. மண் குழைக்கிற சேற்றில் ஒரு சக்கரம் சும்மா சுற்றுகிறது, ஒட்டித் தா என்றார். இவர் ஒட்டித் தந்தார். காளவாசலுக்குள்ளேயே ஓடுகிற வண்டி என்றுதான் நினைத்தார். ரோட்டுக்கும் போகுமா என்று கேட்கவில்லை. முதல் மழை பெய்த அன்று மலையாண்டி அதை ரோட்டில் எடுத்துப் போயிருக்கிறார். கண்மாய்க்கரைத் திருப்பத்தில் ஜீப் திரும்பாமல் நேரே போய் மடைக்குள் விழுந்தது.

"போயிப் பாத்தேன். முன்சக்கரம் திரும்பித்தான் இருந்துச்சு. அந்தாளு ஸ்டியரிங்க ஒடிச்சிருக்காரு, பின்சக்கரம் ரெண்டும் சேந்து நேராத் தள்ளிருச்சு. கேஸுல வேகம்னு எழுதி மூடிட்டாக. ஆக்சில ஒருத்தரும் தொறந்து பாக்கல. நானும் வாயத் தொறக்கல."

 ரோஷன் இறங்கி வந்து சாவியை நீட்டினான்.

"பிளேட்டு வச்சதுக்கே சொல்லி விடுங்கண்ணே. ரேஸு அடுத்த வருஷமும் வரும்." போகிறவன் நின்றான். "ஆஷிகாவ நீங்க பாத்ததுகூட இல்ல, அதுக்காக இம்புட்டும் சொன்னீக. அந்த மலையாண்டி வீட்டுல தெரியுமாண்ணே?"

"தெரியாது."

 ரோஷன் பஸ்ஸைப் பிடிக்க நடந்தான்.

மறுநாள் கொட்டகையைத் திறக்காமல் விருமாண்டி திருவாதவூர் போனார். மலையாண்டி சம்சாரம் முத்துமீனா ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டிருந்தது. இன்னார் என்று சொல்லிக்கொண்டு, நின்றபடியே முழுவதையும் சொன்னார். செருப்பைக் கழற்றி அடிக்கும், இல்லை மண்ணை வாரித் தூற்றும் என்று எதிர்பார்த்திருந்தார். அந்தப் பெண் கையிலிருந்த குழையைக் கீழே போட்டது.

"அப்ப அவுக குடிச்சிருக்கல."

"குடியா? வண்டிதான் தாயி திரும்பல."

"குடிச்சிட்டு ஓட்டித்தான் செத்தான்னு ஊரே சொல்லுச்சு. மொதல்ல சொன்னது அவுக அண்ணன்தான். அன்னைக்கு ஒரு சொட்டுத் தொடலன்னு நான் எம்புட்டுப் பேருகிட்டச் சொன்னேன் தெரியுமா? புருஷனுக்குப் பரிஞ்சு பொய் சொல்றேன்னாக. எம்மகளப் பொண்ணு பாக்க வந்தவுக, குடிகாரன் மகன்னு காபித் தண்ணியக்கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போனாக." குரல் ஏறவில்லை. "பன்னெண்டு வருஷம் எங்கண்ணே இருந்தீக?"

 தன் வெல்டு மலையாண்டி உயிரை மட்டும்தான் எடுத்தது என்று விருமாண்டி நினைத்திருந்தார். செத்தவரின் நல்ல பேரும் தன் வாய்க்குள் அடைபட்டுக் கிடந்தது அவருக்குத் தெரியாது.

"நடங்க. எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப் போகுது? சொன்னவுக முன்னால வந்து சொல்லுங்க" என்று அது முன்னால் நடந்தது.

நாலு வீடு தள்ளி, மலையாண்டிக்கு அண்ணன் சுருளி வாசலில் மொபட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சொந்தக்காரர்கள் மூன்று பேர் பேசிக்கொண்டு நின்றார்கள். முத்துமீனா வேகமாக வருவதைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள்.

"யாரு தாயி இது?" என்றார் சுருளி.

"அவரே சொல்லுவாரு."

சுருளி பைப்பை மூடினார். விருமாண்டி தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.  தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"ஒங்க தம்பி குடிக்கல அண்ணே. அந்த ஜீப்புக்கு வெல்டு வச்சவன் நான்."