கோணல் கண் பொம்மை

2007-ஆம் வருஷம், ஆடி மாசம். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் வரையும் வேலையில் இருந்தேன். ஒரு நாள் தூரிகை பிடித்த வலது கை தானாகவே வெட்டி வெட்டி இழுத்தது. ஸ்கேன் எடுத்தால், மூளையில் கட்டி. அதுவும் வலது கையை அசைக்கும் இடத்தை ஒட்டி.

சென்னை மருத்துவமனையில் டாக்டர் சொன்னதைக் கேட்டு என் வீட்டுக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. நான் விழித்திருக்கும்போதே ஆபரேஷனாம். மூளையில் இடம் இடமாக லேசாக மின்சாரம் வைப்பார்களாம். எங்கே வைத்தால் கை தடுமாறுகிறதோ அங்கே கத்தி படாதாம். என் கைக்கு என்ன வேலை தெரியும் என்று டாக்டர் கேட்டார்; பொம்மைக்குக் கண் வரைவேன் என்றதும், ஆபரேஷன் நடக்கும்போது அதையே செய்யச் சொன்னார். வீட்டுக்காரர் அன்றே ஊருக்கு பஸ் ஏறி, கண் வைக்காத பொம்மைகள் ஒரு டஜன் கொண்டுவந்து சேர்த்தார்.

ஆபரேஷன் அன்று தலைத்தோலை மரத்துப்போக வைத்திருந்ததால் வலி இல்லை. ஒருக்களித்துப் படுத்தபடி இடது கையில் பொம்மை, வலது கையில் தூரிகை. பக்கத்தில் நின்ற நர்ஸம்மா பார்த்துப் பார்த்து டாக்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து பொம்மை கச்சிதமாக முடிந்தது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது. ஆறாவதில் தூரிகை இழுத்துக்கொண்டு கண் காதுவரை போனது. பட்டறையில் கோணினால் மேஸ்திரி பார்ப்பதற்குள் துடைத்துவிடுவோம். அதே பழக்கத்தில், நர்ஸம்மா திரும்பிய நொடியில் கட்டைவிரலால் துடைத்துவிட்டேன்!

"கை சரியா இருக்குதாம்மா?" என்றார் டாக்டர்.

"நல்லா இருக்குது சார்." வாய் முந்திக்கொண்டது.

அடிப் பாவி, யாரிடம் மறைக்கிறாய்?

"சார், நில்லுங்க! கோணிடுச்சு, நாந்தான் தொடச்சிட்டேன்!"

டாக்டர் சிரித்துவிட்டார். ஏழாவதை வரையச் சொல்லி அதே இடத்தில் மறுபடி மின்சாரம் வைத்தார். அதே மாதிரி கோணியது. அங்கே சின்னதாக ஓர் அடையாளச் சீட்டு வைத்து, அதைத் தொடாமல் கட்டியை எடுத்தார். முழுசும் வந்துவிட்டது என்று அவர் சொன்னபோது பன்னிரண்டாவது பொம்மையில் இருந்தேன். கண் நேராக இருந்தது. படுத்தபடியே அழுதேன், சந்தோஷத்தில்தான்.

ஆறு மாதத்தில் பட்டறைக்குத் திரும்பினேன். நான் வரைந்ததைப் பார்த்து மேஸ்திரி அடுத்த தட்டுப் பொம்மைகளை என் முன்னால் தள்ளிவைத்தார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு. அதற்குப் பிறகு எத்தனையோ நேர்க் கண்கள் வரைந்துவிட்டேன். ஆனாலும் எங்கள் டிவி மேல் நிற்பது அந்த ஏழாவது கோணல் கண் பொம்மைதான். இந்தக் கை இன்னும் என் கையாக இருப்பது, நான் துடைக்காமல் காட்டிய அந்தத் தப்பின் புண்ணியத்தில்.