ஏறாவூர் மில்லுக்கு ஆஸ்பத்திரி வானில் போகாதீர்கள்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மட்டக்களப்பு நகரிலிருந்து வவுணதீவுக்கும், அங்கிருந்து ஏறாவூருக்கும் போனேன். ஊர் சுற்ற அல்ல. நான் மனநல மருத்துவர். கடுமையான மனநோயிலிருந்து தேறியவர்கள் வேலைக்குப் போய் அதில் நிலைக்கிறார்களா என்று பார்ப்பதுதான் இருபது வருடமாக என் ஆய்வு. அவர்களில் ஒருவரான ஜீவா (பெயரை மாற்றியிருக்கிறேன், எழுத அவர் சம்மதித்தார்) இரண்டு வருடமாகக் கிளினிக்குக்கு வரவில்லை. கோப்பில் 'சிகிச்சையைக் கைவிட்டவர்' என்று எழுதிவிட்டோம். மருந்தை நிறுத்தினால் அவர் என்ன பாடுபடுவார் என்று எனக்குத் தெரியும். அதனால் புறப்பட்டேன்.

7.30க்கு வரவேண்டிய ஆஸ்பத்திரி வான் 9.10க்கு வந்தது. வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவு ஏழு கிலோமீட்டர்தான். எங்களுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. வயல் வட்டைக்குப் போகிற அறுவடை மெஷின் ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. போதாததற்குச் சாரதி செல்வம் ஒவ்வொரு கடையிலும் தலையை நீட்டி, "மனநலப் பிரிவால வந்திருக்கம், ஜீவாட வீடு எது?" என்று கேட்டார். அப்படிக் கேட்காதீர்கள் என்றேன்.

"வான்லயே எழுதிக் கிடக்கே மிஸ்," என்றார். மூன்று மொழியிலும் எழுதியிருந்தது.

ஜீவாவின் அக்கா வாசலுக்கு வந்தார். "தம்பி ஏறாவூர் மில்லுல வேலை செய்யிறான் மிஸ். சுகமாத்தான் இருக்கான். அங்க மட்டும் போயிராதீங்க."

சுகமா என்பதை நான்தானே பார்த்துச் சொல்லவேண்டும்! போனேன். வானைத் தெருமுனையில் நிறுத்தச் சொன்னேன்; செல்வம் நிழல் பார்த்து மில் வாசலிலேயே நிறுத்தினார்.

நெல் அவிக்கும் கொதிகலனுக்குப் பக்கத்திலிருந்து ஜீவா வந்தார். "மருந்து ஒழுங்காப் போடுறன் டொக்டர். வாழைச்சேனை ஆஸ்பத்திரிக்குப் போய் எடுக்கிறன். அங்க என்னைத் தெரிஞ்ச ஆக்கள் இல்ல. இஞ்ச ஏன் வந்தீங்க?"

அதற்குள் முதலாளி வெளியே வந்து வானில் இருந்ததை நிதானமாக வாசித்தார். "இவருக்கு என்ன மிஸ்?"

சொல்லும் உரிமை எனக்கில்லை. ஏதோ கணக்கெடுப்பு என்று உளறினேன். அவர் நம்பவில்லை. ஜீவா திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

மில்லுக்கு வெள்ளிக்கிழமை லீவு. அந்த வெள்ளி ஜீவா தானே பஸ்ஸேறி என் அறைக்கு வந்தார். "அக்காட்டச் சொல்லியிருந்தா அண்டைக்கும் நானே வந்திருப்பன்," என்றார். நாற்பது நிமிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். அண்மையில் வேலையில் மாற்றம் உண்டா?

"ஓம். நெருப்புக்கிட்ட நிக்க வேணாமாம். களம் கூட்ட விட்டுட்டாங்க. சம்பளமும் குறைவு."

காரணம்?

"நீங்க வந்ததுதான்."

அப்படியே எழுதிக்கொண்டேன். முதலாளியிடம் பேசட்டுமா என்றும் கேட்டுவைத்தேன். எனக்கு இன்னும் புத்தி வரவில்லை.

"வேணாம் டொக்டர். நானே கதைக்கிறன்."

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: நகரிலிருந்து ஏறாவூர் சுமார் பதினைந்து கிலோமீட்டர். பஸ்ஸில் அரை மணி நேரம், நூறு ரூபாய்க்குள் முடியும். கோப்பைப் பைக்குள் வையுங்கள். வேலைத்தலத்துக்குப் போகவே போகாதீர்கள். வீட்டுக்கும், அவர் வரச் சொன்னால் மட்டும்.

ஜீவா முதலாளியிடம் கதைத்துவிட்டார், எல்லாவற்றையும் சொல்லித்தான். நேற்றுத் தொலைபேசியில் கேட்டேன். இன்னும் களம்தான் கூட்டுகிறாராம்.