நோன்பில் எடுத்த அளவு

எங்கள் ஊர்ப் பொலிஸ் நிலையத்தின் கதையை எழுத எனக்குத் தகுதி இல்லை. சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்ட தையற்காரன் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன். நிலையம் புதுக் கட்டடத்துக்குப் போவதையொட்டி ஒரு மலர் போடுகிறோம், பழைய காலத்தைப் பற்றி நீங்களும் எழுதுங்கள் என்று நூலகப் பொறுப்பாளர் மூன்று தடவை கடைக்கு வந்துவிட்டார். மாட்டேன் என்று சொல்லவும் கூச்சம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெரிய அதிகாரிகளைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. அவர்களுடைய இடுப்பளவுதான் தெரியும்.

வாப்பா தைத்த காலத்தில் நிலையம் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. வெள்ளைக்காரன் விட்டுப்போன வழக்கப்படி பொலிஸ்காரர் முழங்காலுக்கு மேலே நிற்கும் கட்டைக் களிசன்தான் போட்டார்கள். கஞ்சி போட்டு அயன் பண்ணினால் அந்தக் களிசன் ஆள் இல்லாமலே நிற்கும் என்று வாப்பா சொல்வார். பிறகு நீட்டுக் களிசன் வந்தது. சண்டைக் காலத்தில் வாசலில் மண்மூட்டைகள் வந்தன. அப்போது வேலைக்கு வந்தவர்கள் அநேகமாகத் தூரத்துச் சிங்கள ஊர்க்காரர். நாங்கள் பயந்து பயந்துதான் அளவெடுப்போம். அவர்களும் எங்கள் கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். சுனாமிக்குப் பிறகு கொஞ்சக் காலம் ஒரு நெல் களஞ்சியத்தில் நிலையம் நடந்தது. அந்த நாட்களில் தைக்க வந்த உடுப்பிலெல்லாம் உமி ஒட்டியிருக்கும்.

அதன் பிறகுதான் எங்கள் ஊர்க்காரரே ஒருவர் சார்ஜன்டாக வந்தார். இருபது வருடத்துக்கு மேல் மலைநாட்டிலும் தெற்கிலும் வேலை பார்த்தவர். தற்காலிகமாகத்தான் வந்திருந்தார், மிச்சக் காலத்தையும் சொந்த ஊரிலேயே கழிக்க விண்ணப்பித்திருந்தார். வருடாந்தப் பரிசோதனைக்கு அம்பாறையிலிருந்து வரும் பெரிய ஐயா அவரை நேரில் கண்டு கதைத்துவிட்டு முடிவு சொல்வதாக இருந்தது. அந்தப் பரிசோதனை நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு கிழமையில் வந்தது.

எங்கள் பக்கத் தையற்காரரிடம் ஒரு வழக்கம் உண்டு. நோன்பில் அளவெடுத்தால் களிசனின் பின்தையலுக்குள் இரண்டு விரல் துணி கூடுதலாக விடுவோம். நோன்பில் ஒட்டிய வயிறு பெருநாளோடு பழைய இடத்துக்கு வந்துவிடும். அந்த வருடம் பெருநாள் தையல் மலைபோல் குவிந்திருந்தது. சார்ஜன்டுக்கு நோன்பின் கடைசிப் பத்து நாளில் அளவெடுத்தேன். நோன்பென்ற நினைவே இல்லாமல், மிச்சத் துணியை என் கையாலேயே வெட்டி எறிந்துவிட்டேன்.

பரிசோதனை நாள் காலையில் அவர் சாரன் உடுத்தபடி கடைக்கு வந்தார். களிசன் கையில் இருந்தது.

“தம்பி, இது எண்ட களிசனா, எண்ட மருமகன்டயா?”

பெருநாளிலிருந்து எங்கெங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். ஊருக்குத் திரும்பி வந்த மனிதரை எல்லோரும் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு வீட்டையும் அவர் மறுக்கவில்லை. பழைய களிசன் முழங்காலில் வெளுத்திருந்ததால் பரிசோதனைக்கு உதவாது. பின்தையலைப் பிரித்துப் பார்த்தேன். அரை விரல் துணிதான் இருந்தது. அதை இளக்கித் தைத்தேன். மூச்சைப் பிடித்துக் கொளுக்கியை மாட்டினார்.

“நிக்கலாம், நடக்கலாம் காக்கா,” என்றேன். “இரிந்தா மட்டும் பின்னால தையல் போயிரும்.”

“ஐயா இரிக்கச் சொன்னா?”

“நிண்டுக்கே கதைங்க.”

அவர் சிரிக்கவில்லை. “மனிசி வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சி முடிச்சிட்டா. இனி பொட்டியக் கட்டு எண்டு அவக்கிட்டச் சொல்ல எனக்கு ஏலா. நீயும் வா, ஊசி நூலோட.”

போனேன். அணிவகுப்பு நல்லபடி முடிந்தது. பிறகு ஐயா அவரை அறைக்குள் கூப்பிட்டார். நான் வெளியே யன்னலோரம் நின்றேன். இத்தனை வருடம் பொலிஸ்காரருக்குத் தைத்ததில் எனக்கும் சிங்களம் விளங்கும். ஐயா இருக்கச் சொன்னார். நிற்கிறேன் சேர் என்றார் இவர். மறுபடியும் சொன்னார், மறுபடியும் அதே பதில். மூன்றாவது தடவை ஐயா பேனையைக் கீழே வைத்துவிட்டு, ஏன் என்று கேட்டார்.

சார்ஜன்ட் உள்ளதைச் சொன்னார். நோன்பில் அளவெடுத்த களிசன், பெருநாள் விருந்துக்குப் பிறகு போட்டிருக்கிறேன், இருந்தால் கிழியும். ஐயா அவருடைய வயிற்றைப் பார்த்தார். எத்தனை வீட்டில் சாப்பிட்டாய் என்று கேட்டார். இவர் ஒழுங்கை ஒழுங்கையாக, வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே போனார். கடற்கரைப் பக்கத்துக்கு வரும்போதே ஐயா கையைக் காட்டி நிறுத்தினார்.

“இத்தனை வீட்டுக்காரர் கூப்பிட்டுச் சோறு போடுகிற பொலிஸ்காரனை அனுப்பிவிட்டு, வேறு ஒருவனை நான் எங்கே தேடுவது? நீ இங்கேயே இரு,” என்றார்.

பிறகு யன்னல் பக்கம் திரும்பி, நீயா தைத்தது என்று என்னைக் கேட்டார். ஊசியைத் தூக்கிக் காட்டினேன்.

சார்ஜன்ட் சந்தோசத்தில் காலை ஓங்கி ஊன்றி ஒரு சலூட் அடித்தார். தையல் விட்டது. யன்னலுக்கு வெளியே எனக்கே கேட்டது, ஐயாவுக்குக் கேட்காமல் இருந்திருக்காது. அவர் மேசையில் விரித்திருந்த கோவையைப் புரட்டியபடி இருந்தார். சார்ஜன்ட் முகத்தைத் திருப்பாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தார்.

அடுத்த நாள் கல்முனைக்குப் போய் அதே காக்கித் துணி வாங்கிவந்து, பின்பக்கத்தைப் பிரித்து ஒரு துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அன்று மழை. கடைக்கு வேறு ஒருவரும் வரவில்லை.