கிளாம்ப் போட்ட கீ

அந்தப் பட்டறைத் தெருவில் அவருக்குப் பேர் 'கறார்'. பெற்றவர்கள் வைத்த பேர் பில் புத்தகத்தில் மட்டும்தான் இருந்தது. ஒற்றை ஷட்டர் கடை. உள்ளே ஒரு மில்லிங் மெஷின், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர், அதன் பக்கத்தில் ஒரு டம்ளர். வந்தவருக்கு டீ கொடுத்தால் தான் குடிக்க முடியாது, தான் குடித்தால் வந்தவருக்குக் கிடையாது. இந்தச் சங்கடத்தை யாரையும் வரவிடாமலே அவர் தீர்த்துக்கொண்டிருந்தார்.

கெட்ட மனிதர் இல்லை. அவர் செதுக்கிக் கொடுத்த அச்சு மயிரிழை பிசகாது, சொன்ன தேதி தவறாது. ஆனால் இரும்பை அளக்கிற மைக்ரோமீட்டராலேயே மனிதர்களையும் அளந்தால் எவன் தேறுவான்? கல்யாணப் பேச்சு ஒவ்வொரு தடவையும் கூடிவருகிற நேரத்தில் ஏதாவது கறாராகச் சொல்லிக் கெடுத்துக்கொண்டார். இப்போது ஐம்பத்தைந்தைத் தாண்டியாகிவிட்டது. கடைக்கு மேலேயே ஒரு அறையில் குடித்தனம். குடித்தனம் என்ன குடித்தனம், பாயும் பக்கெட்டும்தான். பகலெல்லாம் மெஷின் சத்தம் போடுவதால் அவருக்குத் தனிமை தெரியாது. மெஷினை நிறுத்திவிட்டு மாடி ஏறினால் தெரியும், அதனால் முடிந்தவரை நிறுத்தமாட்டார்.

அன்று காலை மெஷின் ஓடவில்லை.

மெஷினுக்குச் சொந்தப் புத்தி கிடையாது. எந்தப் பக்கமாகப் போய் எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேர் வழி போட்டுக் கொடுக்க வேண்டும். அந்த சாஃப்ட்வேரைத் திறக்க, கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு லைசென்ஸ் கீ. கம்ப்யூட்டரின் பின்னால் செருகியிருந்தால் பச்சை விளக்கு எரியும், சாஃப்ட்வேர் திறக்கும். ராத்திரி கம்ப்யூட்டர் யாரையும் கேட்காமல் தன்னைத்தானே அப்டேட் செய்துகொண்டிருந்தது. காலையில் பச்சை விளக்கு இல்லை. 'லைசென்ஸ் கீ காணவில்லை' என்று திரையில் ஒரு பெட்டி மட்டும் வந்து நின்றது.

"காணோமா? கண்ணு முன்னாடி இருக்குடா, கபோதி," என்று கம்ப்யூட்டரைத் திட்டினார் கறார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பாட்டில் மூடி அச்சு ஒன்றை அன்றைக்கே வெட்ட ஆரம்பித்தாக வேண்டும். சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போட்டார். பாட்டுக் கேட்க வைத்து, பொறுமையைச் சோதித்து, கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது. அந்தப் பெண் பொறுப்பாகத்தான் சொன்னாள்.

"சார், முதல்ல கீயைக் கழட்டிடுங்க. அப்புறம் கீயைக் கம்ப்யூட்டருக்கு அடையாளம் காட்டற பழைய டிரைவர் சாஃப்ட்வேரை எடுத்துட்டு, ரீஸ்டார்ட் பண்ணிட்டு, புது டிரைவர் போடுங்க. கடைசியாத்தான் கீ. கீ உள்ளே இருக்கும்போது டிரைவர் போட்டா ஒத்துக்காது."

"ம்," என்றார் கறார்.

கழற்றவில்லை. அவருடைய கீயைக் கழற்றுவது லேசான காரியமில்லை. எஃகில் தானே ஒரு கிளாம்ப் செதுக்கி, இரண்டு ஸ்குரு போட்டு, கீயைக் கம்ப்யூட்டரோடு சேர்த்து முடுக்கிவைத்திருந்தார். இதுக்குப் போய் ஸ்குரு டிரைவரைத் தேட வேண்டுமா, டிரைவர் போட்டால் போதாதா என்று, கீ இருக்க இருக்கவே எல்லாம் செய்தார். விளக்கு எரியவில்லை. மறுபடி செய்தார், எரியவில்லை. மறுபடி போன்.

"அப்ப கீயே போயிருக்கலாம் சார். இல்லேன்னா உங்க கம்ப்யூட்டர்ல கோளாறு. எதுன்னு தெரியணும்னா கீயை இன்னொரு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கணும். இதே சாஃப்ட்வேர் வச்சிருக்கவங்க, தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

கறார் கிளாம்ப்பின் ஸ்குருவை விரலால் தடவினார்.

"சார்? லைன்ல இருக்கீங்களா? யாராவது ஒருத்தர் போதும்."

"இருக்காங்க," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

இருந்தது ஒரே ஒருத்தி. இரண்டு தெரு தள்ளி, கூடப் பிறந்த தங்கை.

இந்தத் தொழிலைத் தங்கைக்குக் கற்றுக் கொடுத்தவரே அவர்தான். அவளும் மாப்பிள்ளையும் சேர்ந்து கடை போட்டு, இவரைவிட வேகமாக வளர்ந்தார்கள். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் மூச்சிரைக்க ஓடிவந்து நின்றாள். "அண்ணா, எங்க கீ செத்துப்போச்சு. நாளைக்கு டெலிவரி. உன் கீயை ஒரு ராத்திரிக்குக் குடு, விடியறதுக்குள்ள கொண்டாந்துடறேன்." தெருவில் எல்லோரும் செய்கிற கைமாற்றுதான். கறார் அசரவில்லை. "ஒரு கீ, ஒரு கடை. அக்ரிமென்ட்ல அப்படித்தான் இருக்கு. தங்கச்சின்னா சட்டம் மாறிடுமா?" என்றார்.

அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை. "சரிண்ணா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஆர்டர் கைவிட்டுப் போயிற்று, அதோடு ஆர்டர் கொடுத்த கம்பெனியும். மாப்பிள்ளை ஒரு மெஷினை விற்றதாகக் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. மறுநாளே கறார் உட்கார்ந்து அந்தக் கிளாம்ப்பைச் செதுக்கினார். வேறு யாரும் வந்து கேட்டுவிடக் கூடாது என்று செய்தாரா, தான் மனசு மாறிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடக் கூடாது என்று செய்தாரா, அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது.

இப்போது போய்க் கேட்க வேண்டும். மூடி அச்சு போனால் போகிறது, அதற்கு அவர் பயப்படவில்லை. அவள் முடியாது என்று சொல்லிவிடுவாளோ என்பதுதான் பயம். இதுவரை அவர் எதுவும் கேட்கவில்லை, அவளும் மறுக்கவில்லை. அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் தனக்குத் தங்கை என்று ஒருத்தி இருப்பதாக இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தார். கேட்டு அவள் இல்லை என்றால் நூல் அறுந்தது, அவ்வளவுதான். மெஷின் நின்ற கடையில் உட்கார்ந்து வெகுநேரம் கையைப் பிசைந்தார். பிறகு ஸ்குருவைக் கழற்றினார்.

தங்கையின் கடையில் கூட்டமாக இருந்தது. யாரோ ஒருவர் தன் கீயைக் காட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் கறாருக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. இந்த வட்டாரத்தில் யாருக்குக் கீ தகராறு பண்ணினாலும் அவளிடம்தான் வருகிறார்களாம். தன் கீ செத்த அந்த ராத்திரி ஆரம்பித்து, கீயின் ஜாதகம் முழுவதையும் கரைத்துக் குடித்திருக்கிறாள். காது ஓரம் நரைத்திருந்தது. அவர் மனசில் இருந்த தங்கைக்கு நரை கிடையாது.

நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வாங்க. சொல்லுங்க."

'வா, போ' என்று பேசியவள். கறார் கீயை நீட்டினார்.

வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "என்ன இது, ரெண்டு பக்கமும் தேஞ்சிருக்கு?"

"கிளாம்ப் போட்டிருந்தேன்."

"யாரு தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு?"

பக்கத்தில் நின்றவர் விவரம் தெரியாமல் சிரித்தார். கறார் தரையைப் பார்த்தார். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ஆனால் அவள் மறுக்கவில்லை. தன் கீயை உருவிவிட்டு அந்த இடத்தில் அண்ணனின் கீயைச் செருகினாள். பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"கீ நல்லாத்தான் இருக்கு. உங்க கம்ப்யூட்டர்ல டிரைவர்தான் குழம்பிக் கிடக்கு. கீயைக் கழட்டாம டிரைவர் போட்டீங்களா?"

"ஆமா."

"கழட்டச் சொல்லியிருப்பாங்களே."

"சொன்னாங்க."

அவள் பெருமூச்சு விட்டாள். "போய் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டுப் போன் பண்ணுங்க. சொல்லிக் குடுக்கறேன்." எல்லோரிடமும் சொல்வது மாதிரியேதான் சொன்னாள். அப்படியே அடுத்த ஆள் பக்கம் திரும்பிவிட்டாள். 'நீயும் வாயேன்' என்று ஒரு வார்த்தை கறாரின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு நடந்தார்.

கடைக்கு வந்து போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். அவள் சொல்லச் சொல்லச் செய்தார். பழைய டிரைவரை எடுக்கச் சொன்னாள், எடுத்தார். கம்ப்யூட்டரில் மறைந்து கிடக்கிறவற்றையெல்லாம் காட்டச் சொன்னாள். நீளமாக ஒரு வரிசை வந்தது.

"மங்கலாத் தெரியறதெல்லாம் எப்பவோ செருகி, இப்ப இல்லாததுங்க. அதுல கீ பேர் இருக்கறதையெல்லாம் அழிச்சுடுங்க. அதுங்கதான் உள்ளே உக்காந்துக்கிட்டு வழி விடாம பண்ணுது."

அழித்தார். ரீஸ்டார்ட். கம்ப்யூட்டர் நிதானமாக எழுந்து வந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கரில் அவள் கடையின் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. அவரது கடையில் நாளெல்லாம் இல்லாத சத்தம். கம்ப்யூட்டர் இன்னும் கொஞ்சம் மெதுவாகவே எழுந்திருக்கட்டும் என்று இருந்தது அவருக்கு. மாப்பிள்ளை சௌக்கியமா என்று கேட்க நினைத்தார். எந்த முகத்தோடு கேட்பது?

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"புது டிரைவர் போடுங்க. போட்டாச்சா? இப்ப கீயைச் செருகுங்க."

செருகினார். கம்ப்யூட்டர் 'டிங்' என்று மணி அடித்தது. புதிதாக ஒன்றைச் செருகி, அதைக் கம்ப்யூட்டர் அடையாளம் கண்டுகொண்டால் அடிக்கிற மணி. பச்சை விளக்கு எரிந்தது.

"விளக்கு எரியுதா?"

எரிகிறது என்று சொன்னால் 'சரி, வெச்சுடறேன்' என்பாள். அவ்வளவுதான். அவளை மறுபடி கூப்பிட அவருக்கு இனி ஒரு காரணமும் கிடையாது. அளவிலும் கணக்கிலும் வாழ்நாளில் ஒரு பொய் சொல்லியிராத மனிதர், பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இல்ல. எரியல."

அந்த மணி போனில் அவளுக்குக் கேட்காமல் போயிருக்க வழியில்லை. அவள் தினமும் கேட்கிற மணி. கறாருக்குக் காதெல்லாம் சுட்டது. திட்டட்டும் என்று காத்திருந்தார்.

"அப்படியா," என்றாள் தங்கை. "சரி, கழட்டுங்க. முதல்லேர்ந்து பாப்போம்."

அங்கே அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிற சத்தம் கேட்டது.