அக்காவுக்குப் பதில் நான் நிரப்பிய பாட்டில்

தனம் அக்கா, இதை உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

1965 ஐப்பசி. பிறந்த குழந்தை தங்காமல் போன பிறகு, அக்கா கடலூரில் மாமியார் வீட்டை விட்டுக் கிள்ளைக்கு எங்களிடமே வந்துவிட்டாள். சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை. கிழிந்த மீன் வலையைத் தைக்கக் கையில் கொடுத்தால் பார்த்துக்கொண்டே இருப்பாள். மாமியார்தான் செய்வினை வைத்துவிட்டாள் என்றாள் அம்மா. நானும் நம்பினேன்.

சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு நாள் முழுக்க அக்காவின் மூத்திரத்தைப் பெரிய பாட்டிலில் பிடித்துவைக்கச் சொன்னார் டாக்டர். பயந்தால் உடம்பில் ஏதோ ஊறுமாம். மனசு ஒடுங்கிப்போன சிலருக்கு அது சும்மாவே ஜாஸ்தி ஊறுமாம். மூத்திரத்தில் தெரியுமாம்.

எனக்குச் சந்தேகம். முடி, நகம், மூத்திரம் எதுவும் அடுத்தவர் கைக்குப் போகக் கூடாது, அதை வைத்தே செய்வினை செய்துவிடுவார்கள் என்று எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதோடு, பாட்டில் கொண்டுவந்த ஆயா, "உங்கக்காவ கடலூர்ல எந்த வூட்ல குடுத்துருக்கு?" என்று கேட்டாள்.

"எதுக்குக் கேக்குற?"

"ஏண்டி மொறைக்கிற? எனக்கும் அந்த ஊருதான், கேட்டேன்."

மாமியார் அனுப்பிய ஆள்தான்!

அக்காவுடையதைச் சாக்கடையில் கொட்டினேன். தண்ணீர் குடித்துக் குடித்துப் பாட்டிலை நானே நிரப்பினேன். அக்காவைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன்.

சில நாள் கழித்து டாக்டர், "இதுல ஒண்ணும் ஜாஸ்தி இல்ல. அதுக்காக நோவு இல்லன்னு ஆயிடாது, இங்கயே இருக்கட்டும்" என்றார். அம்மா காதில் முதல் பாதிதான் விழுந்தது.

"ஒடம்புல ஒண்ணுமில்லயாம்! இன்னும் என்னாடி வேஷம்? கெளம்பு, மீன் கூடைய தூக்குனா எல்லாம் சரியாப் பூடும்."

வீட்டுக்கு வந்ததும் அக்கா என்னிடம் மட்டும் சொன்னாள்: "டாக்டரே பாத்துட்டாரு. அப்ப நான் நடிக்கிறேன் போலருக்குடி."

பதில் என் வாய் வரை வந்தது. அம்மா அடிப்பாளே என்று விழுங்கிவிட்டேன்.

தை பிறக்கும் முன் காய்ச்சல் வந்தது. அதைத் தாங்க அவள் உடம்பில் ஒன்றுமே இல்லை. சாவுச் சேதி கேட்டு அந்த ஆயாவும் வந்தாள். அக்காவின் மாமியார் யாரென்றே தெரியாத அவள், அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

எல்லோரையும் சந்தேகப்பட்ட நான், அந்தப் பாட்டிலைப் பிடித்த என் கையை மட்டும் சந்தேகப்படவில்லை. படிக்கிறவர்கள் எல்லோரும் தனம் அக்காவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். அவள் நடிக்கவில்லை என்று உங்கள் சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.