மழைக்கென்று சேர்த்த எண்

அவசரநிலை விலகிய வருடம், ஐப்பசி மாதம். மாமல்லபுரத்தை அடுத்திருந்த எங்கள் அலுவலகத்துக்கு ஆட்களை ஏற்றிவரும் பேருந்துகள் எங்கெங்கே நிற்க வேண்டும் என்று கணக்கிட ஒரு நிரல் தேவைப்பட்டது. எழுதும் வேலை எனக்கும், பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணுக்கும் வந்தது. ஆள் குறைவாக ஏறும் நிறுத்தங்களை எடுத்துவிடுவது நிர்வாகத்தின் திட்டம். அந்தப் பெண் திருப்போரூர் தாண்டி ஒரு கூட்ரோட்டில் ஏறுவார். அப்பாவை அவர் அத்தா என்பார்; அத்தாவுக்கு அங்கே மளிகைக் கடை. அந்த நிறுத்தம் போனால் சவுக்குத் தோப்பு ஓரமாக அடுத்த நிறுத்தம்வரை நடக்க வேண்டும். வீட்டில் அதற்குச் சம்மதித்து வேலைக்கு அனுப்புவார்களா என்பது சந்தேகம்தான்.

வாதம் முதல் நாளே தொடங்கியது. என் பழக்கம், எல்லா எண்களையும் பொதுவான ஓர் இடத்தில் வரிசையாக வைத்துவிட்டு, செய்ய வேண்டியதைப் படிப்படியாக எழுதிக்கொண்டு போவது. எந்தத் துணை நிரலும் எந்த எண்ணையும் எடுக்கலாம், மாற்றலாம். மேலிருந்து கீழே படித்தால் புரிந்துவிடும். அவர் நூலகத்தில் நார்வேக்காரர்கள் உருவாக்கிய ஒரு மொழியைப் பற்றிப் படித்திருந்தார். பின்னாளில் ‘ஆப்ஜெக்ட்’ என்று ஊரெல்லாம் பேசிய அதே எண்ணம். ஒவ்வொரு நிறுத்தத்தையும் தனிப் பொருளாக நினைக்க வேண்டும்; அதன் எண்கள் அதனிடமே இருக்கும்; வேண்டியவர் அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், வெளியாள் கை வைக்கக் கூடாது. எங்களிடம் இருந்தது ஃபோர்ட்ரான் என்ற பழைய மொழிதான் என்றாலும் அதிலேயே இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்கலாம் என்பது அவர் கட்சி.

“உங்க முறையில எல்லாரும் ஒரே அண்டாவுல கை வுடறாங்க சார்.”

ஒரே அண்டா என்றால் தேடுவது சுலபம் என்று நான் சிரித்தேன். நான் மூத்தவன். என் முறையிலேயே எழுதினோம்.

அப்போதெல்லாம் நிரலின் ஒவ்வொரு வரியும் துளையிட்ட ஓர் அட்டை. அந்தப் பொது இடத்தில் எண்களுக்குப் பெயர் முக்கியமில்லை, வரிசைதான் முக்கியம். அந்த வரிசையைச் சொல்லும் அட்டை ஒவ்வொரு துணை நிரலின் தலையிலும் இருக்கும். மழை நாளில் வண்டி தாமதமாவதற்கென்று ஓர் எண்ணை வரிசையின் முதலில் சேர்த்தேன். எங்கள் வழக்கப்படி டீ குடிக்கும்போது அதை அவரிடம் வாயால் சொன்னேன். அவர் தன் அட்டைகளை மாற்றினார். ஒரு துணை நிரலில் மட்டும் பழைய அட்டை தங்கிவிட்டது. அட்டைகள் அடுக்கிய பெட்டி சென்னைக்குப் போய், கணினியில் ஓடித் திரும்பியது. அந்தத் துணை நிரல் மட்டும் எண்களைப் பழைய இடங்களிலேயே தேடியதால், எல்லா நிறுத்தங்களுக்கும் வரிசையில் முந்தியதன் எண் போயிருந்தது. மற்ற இடங்களில் கூட்டம் இருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை. அவருடைய கூட்ரோட்டுக்கு மட்டும், அகரவரிசையில் அதற்கு முன்னால் இருந்த, செங்கல்பட்டுத் தடத்தின் கடைசியில் யாருமே ஏறாத ஒரு நிறுத்தத்தின் எண் வந்து உட்கார்ந்திருந்தது.

கூட்ரோட்டில் இனி வண்டி நிற்காது என்று அறிவிப்பு ஒட்டிய பிறகுதான் அவர் அந்த அட்டையைக் கண்டுபிடித்தார். தானே போய்ச் சொன்னால் தன் நிறுத்தத்துக்காகப் பேசுவதாக நினைப்பார்கள் என்று என்னிடம் நீட்டினார். அன்றே போக்குவரத்து அதிகாரியைப் பார்த்தேன். தவறை விளக்கியதும், யார் வைத்த அட்டை என்று கேட்டார். சொன்னேன்.

“அந்தம்மா எழுதினது, அந்தம்மா ஸ்டாப்பு. இப்ப மாத்துனா மத்தவங்க இன்னா பேசுவாங்க?”

திருத்திய கணக்கை அதிகாரி வாங்கிப் பார்க்கவே இல்லை.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பெண் விரும்பியபடி எழுதியிருந்தால் அந்தத் தவறுக்கு இடமே இருந்திருக்காது என்பதை நான் சொல்லவில்லை. முறை என்னுடையது, கை அவருடையது. அதிகாரி கையைப் பற்றி மட்டும் கேட்டார்; நானும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

திங்கட்கிழமை நல்ல மழை. கேளம்பாக்கத்தில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். கூட்ரோடு வந்ததும், கொஞ்சம் நிறுத்துங்கள் என்று ஓட்டுநரிடம் கேட்டுப் பார்த்தேன்.

“இன்னா சார், உங்க மிஷினே நிக்காதன்னு சொல்லிக்கீது. நான் எப்டி நிப்பாட்டறது?”

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அடுத்த நிறுத்தத்தில் அவர் நின்றிருந்தார். குடை இருந்தும் புடவையின் கீழ்ப்பாதி நனைந்திருந்தது. கூட நடந்து வந்த அத்தா, கடை திறக்க வேண்டுமே என்று அதற்குள் திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தார். எத்தனை நாளைக்கு அவரால் இப்படி வர முடியும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் மகள் என் இருக்கையைத் தாண்டும்போது குடையை மடக்கியபடி சொன்னார்:

“மழைக்குன்னு ஒரு நம்பர் சேத்தீங்களே சார், அது பத்தாது.”

எழுந்து இடம் கொடுத்தேன். அவர் பெண்கள் பக்கம் போய்விட்டார். மாமல்லபுரம்வரை நான் நின்றுகொண்டே போனேன்.